மூன்று சுற்றுப் பூதம்: சொந்தமாக ஒரு பூதம் செய்து மேசைக்குக் கொண்டுவருவது எப்படி

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டுக்கு நான் சொந்தமாகச் செய்த முதல் பூதம், சண்டை தொடங்கின கையோடு ஒரு பிள்ளையை அழ வைத்தது. மாரிகாலம், சனிக்கிழமை பின்னேரம். விறாந்தையில் பாய் விரித்து ஐந்து பேர் இருந்தோம். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிறவன். சித்தியின் மகளுக்குப் பதின்மூன்று வயது. தன் மந்திரக்காரிக்கு இரண்டு பக்கத்தில் வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பூதம் கிணற்றுக்குள்ளிருந்து தலையைத் தூக்கி உப்புநீரைக் கக்கியது. ஆறு பகடை உருட்டினேன். கூட்டினால் 25 சேதம். மந்திரக்காரிக்கு இருந்த உயிர்ப்புள்ளியே, அதாவது எவ்வளவு சேதம் தாங்கலாம் என்ற எண்ணே, 12தான். பூச்சியத்துக்கு வந்தபிறகும் மிச்சச் சேதம் 13. அந்த மிச்சம் ஒருவருடைய முழு உயிர்ப்புள்ளியை எட்டினால் மயக்கம் இல்லை, நேரே சாவு. அதுதான் விதி.

"அண்ணா, நான் இன்னும் ஒண்டுமே செய்யேல்லையே" என்றாள்.

அந்தப் பூதத்துக்காக நான் மூன்று நாள் மினக்கெட்டிருந்தேன். அது எங்கே பிறந்தது, எந்த அரசன் அதைக் கட்டிப்போட்டான் என்று நாலு பக்கம். அதில் ஒரு வரிகூட மேசைக்கு வரவில்லை. வந்தது அந்த 25 மட்டும்தான்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. சாதாரணச் சண்டை மூன்று அல்லது நாலு சுற்றில் முடிந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் செய்கிற பூதம் கதைக்குள் 18, 24 விநாடிதான் உயிரோடு இருக்கப்போகிறது. அந்த நேரத்துக்குள் வெளியே தெரியாத எதையும் எழுதிப் பயனில்லை. கீழே சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

விளையாட்டையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால் சுருக்கமாக: 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பேய்க்கதை சொல்கிற அம்மம்மாவுக்கு நடுவில் குறுக்கிட்டு "நான் அந்தக் கதவைத் திறக்கமாட்டன்" என்று சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

சாமான்கள்

புத்தகம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். போனில் இலவசமாக இறக்கலாம். உள்ளே நூற்றுக்கணக்கான பூதங்கள் கணக்கோடு இருக்கின்றன. நான் இங்கே சொல்கிற விதிகள் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

பகடைக்குப் போன் ஆப் போதும். ஆனால் பகடை உருளுகிற சத்தம் இல்லாமல் எனக்குச் சரிவராது. தொடக்கத்தில் நாங்கள் 1 முதல் 20 வரை சிட்டு எழுதி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தோம். எடுத்த சிட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கணக்குப் பிழைக்கும். சதுரம் போட்ட கணிதக் கொப்பியில் ஒரு சதுரம் 5 அடி. ஆட்களுக்குப் புளியங்கொட்டை, பூதத்துக்கு ஒரு சோடா மூடி. அவ்வளவுதான்.

பூதம் எதைப் பறிக்கிறது?

புதியவர்கள் எல்லாரும் உருவத்திலிருந்து தொடங்குகிறார்கள். மூன்று தலை, ஆறு கை, நெருப்புக் கண். வரைய வடிவாகத்தான் இருக்கும். ஆனால் மேசையில் மூன்று தலையும் ஒரு தலையும் ஒன்றுதான், அந்த மூன்று தலையும் வெவ்வேறாக எதையாவது செய்தாலொழிய.

கைகாக்ஸைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்தில் அவர் கடையில் ஒரு பை மலிவு பிளாஸ்டிக் பொம்மை வாங்கினார். ஹொங்கொங்கில் செய்தவை. ஆதிகால மிருகங்கள் என்று பையில் போட்டிருந்தாலும் அவை எந்த மிருகத்தையும் போல இல்லை. நல்லூர்த் திருவிழா நேரம் வீதியோரக் கடைகளில் தொங்குகிற பைகளைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அந்தப் பொம்மைகளை வைத்துத்தான் துருப்பூதம், ஆந்தைக்கரடி போன்றவை பிறந்தன. துருப்பூதத்தின் பொம்மையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் விளையாடியவர்கள் அதை மறப்பதில்லை. காரணம், அது தொட்ட இரும்பு துருப்பிடித்துப் போய்விடும். உங்கள் உயிர் அதற்குத் தேவையில்லை. வாளும் கவசமும்தான் வேண்டும். காசு சேர்த்து வாங்கின கவசத்தோடு நிற்கிற வீரன் அதைக் கண்டு ஓடுகிற ஓட்டத்தை டிராகனைக் கண்டாலும் ஓடமாட்டான்.

அதனால் நான் முதலில் எழுதுவது ஒரே ஒரு வரி: இந்தப் பூதம் ஆட்டக்காரர்கள் நம்பியிருக்கிற எதைப் பறிக்கிறது? வெளிச்சத்தையா, சத்தத்தையா, வழியையா, கூட்டாக நிற்பதையா? எங்கள் ஊர்க் கொள்ளிவாய்ப் பேய் வாயில் நெருப்போடு திரியும் என்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்: அது வாயில் வைத்திருப்பது உங்களிடமிருந்து எடுத்த நெருப்பு. அது கிட்ட வர வர உங்கள் பந்தங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. நாலு பக்க வரலாறு தேவையில்லை, பூதம் வந்துவிட்டது.

என் கிணற்றுப் பூதம் வந்தது தண்ணீரிலிருந்து. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் கிணறு. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் பொந்தும் குகையும். அதில் மழைநீர், அடியில் இருக்கிற உவர்நீருக்கு மேலே மிதந்து கொண்டு நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கின கிணறு என்றும் அடியில்லாக் கிணறு என்றும் சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். அந்த உவர் தானாக ஏறவில்லை, எதுவோ ஒன்று கீழேயிருந்து அதைக் கொண்டு வருகிறது என்று வைத்துக்கொண்டேன். பெயர் உவர்வாயன். பறிப்பது: குடிக்கிற தண்ணீர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மாவிட்டபுரம் என்ற பெயருக்குச் சொல்லுகிற கதையில், குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி அந்த முகம் நீங்கப் பெறுகிறாள். மா என்றால் குதிரை, அது விட்ட இடம் மாவிட்டபுரம். கீரிமுகம் நீங்கின நகுல முனிவர் கதையும் அந்த இடத்துக்கே உரியது. இதில் ஒரு டி.எம். கவனிக்க வேண்டிய விஷயம், வெட்டிக் கொல்லாமலும் ஒரு பூதத்தை முடிக்கலாம் என்பது. அதைக் குளிக்க வைத்தால் போதும் என்றால், எப்படிக் குளிக்க வைப்பது என்பதே முழு இரவுக்குமான விளையாட்டாகிவிடும்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. வைரவர், அண்ணமார், முனி என்று யாராவது வீட்டில் விளக்கு வைக்கிற தெய்வத்தை எடுத்து உயிர்ப்புள்ளி போடாதீர்கள். உங்களுக்கு விளையாட்டு, பக்கத்தில் இருப்பவரின் அம்மாவுக்கு அது பொங்கல் வைக்கிற இடம். மற்றது சத்தம். ஒருமுறை பறக்கிற பூதம் ஒன்றுக்கு, தூரத்தில் ஒரு 'டும்', அப்புறம் கூவிக்கொண்டு கிட்ட வருகிற சத்தம் என்று வாயாலேயே செய்து காட்டினேன். பெடியளுக்கு நல்ல சந்தோஷம். தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்கார அன்ரி கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு புது ஆட்களோடு இருக்கிறபோது, எது வேண்டாம் என்று முதலே கேட்டுக்கொள்கிறேன். யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்பதையும் பார்க்கிறேன்.

இரவல் எலும்புக்கூடு

வெறுந்தாளில் தொடங்காதீர்கள். உங்கள் பூதத்தின் பருமனுக்கும் குணத்துக்கும் கிட்டவாக ஏற்கெனவே இருக்கிற ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது ஆந்தைக்கரடி. பெரிய உருவம், மூளை குறைவு, கிட்ட வந்து இரண்டு அடி அடிக்கும். அதன் கணக்கு இது: ஏ.சி. 13, உயிர்ப்புள்ளி 59, வேகம் 40 அடி, அடிக்கிறபோது +7, சி.ஆர். 3.

ஏ.சி. என்பது உங்களை அடிக்க மற்றவர் எடுக்க வேண்டிய எண். இருபது முகப் பகடையோடு தன் கூட்டலையும் சேர்த்து 13 எடுத்தால் அடி விழும். சி.ஆர். என்றவுடன் எங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சி.ஆர். கொப்பிதான் ஞாபகம் வரும். இது வேறு, பூதத்தின் சண்டைத் தரம். நாலு பேர் கொண்ட, அதே நிலையிலுள்ள குழுவுக்கு அது யாரையும் சாகடிக்காத ஆனால் வியர்க்க வைக்கிற எதிரி என்று பொருள். நிலை என்பது ஆட்டக்காரரின் பாத்திரம் அனுபவத்தால் ஏறுகிற படி. அதாவது சி.ஆர். 3 பூதம், மூன்றாம் நிலை ஆட்கள் நாலு பேருக்கு.

வலு, சுறுசுறுப்பு, தாங்குசக்தி, புத்தி, விவேகம், ஆளுமை என்ற ஆறு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றிலும் 10ஐக் கழித்துப் பாதியாக்கிக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் வருவதுதான் கூட்டல். 18க்கு +4. 7க்கு −2. இதற்கு மேல் இதில் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். வலுவும் தாங்குசக்தியும் சரியாக இருந்தால் மற்ற நாலையும் கண்மதிப்பில் போடலாம்.

உயிர்ப்புள்ளி பருமனைப் பொறுத்தது. மனித அளவு என்றால் எட்டு முகப் பகடை, சராசரி 4.5. மாட்டளவு பெரிதென்றால் பத்து முகம், சராசரி 5.5. யானை அளவென்றால் பன்னிரண்டு முகம், சராசரி 6.5. எத்தனை பகடை என்று நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். ஒவ்வொரு பகடைக்கும் தாங்குசக்திக் கூட்டலைச் சேர்க்க வேண்டும். உவர்வாயன் பெரிது, தாங்குசக்தி 16, கூட்டல் +3. நான் 8 பகடை கொடுத்தேன். 8 × 5.5 = 44, அதோடு 8 × 3 = 24. மொத்தம் 68.

ஏன் 68? வகுத்துப் பாருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம். கணக்கென்றால் ஓடுகிறவர்களும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

2014 டி.எம். வழிகாட்டிப் புத்தகத்தில் சொந்தப் பூதம் செய்ய ஓர் அட்டவணை இருக்கிறது. சின்ன நிலைகளுக்கு வேண்டிய வரிகள் மட்டும்:

சி.ஆர். 1/2: உயிர்ப்புள்ளி 50–70, ஒரு சுற்றுச் சேதம் 6–8, அடிக்கூட்டல் +3
சி.ஆர். 1: உயிர்ப்புள்ளி 71–85, சேதம் 9–14, அடிக்கூட்டல் +3
சி.ஆர். 2: உயிர்ப்புள்ளி 86–100, சேதம் 15–20, அடிக்கூட்டல் +3
சி.ஆர். 3: உயிர்ப்புள்ளி 101–115, சேதம் 21–26, அடிக்கூட்டல் +4

நாலுக்கும் ஏ.சி. 13. பார்த்தவுடன் சி.ஆர். 2 பூதத்துக்கு 90 உயிர்ப்புள்ளி போடத் தோன்றும். பொறுங்கள். எங்கள் குழு நாலு பேர், இரண்டாம் நிலை. ஒருவருக்கு அடிக்கூட்டல் +5 என்று வைத்தால், ஏ.சி. 13ஐ அடிக்கப் பகடையில் 8 வர வேண்டும். 8 முதல் 20 வரை 13 முகம். இருபதில் பதின்மூன்று, 65 வீதம். வாள் அடி ஒன்றுக்குச் சராசரி 7.5 சேதம். நாலு பேர் ஒரு சுற்றில் செய்வது 4 × 7.5 × 0.65, அதாவது 19.5.

இப்போது 90ஐ 19.5ஆல் வகுத்தால் நாலரைச் சுற்றுக்கு மேல். நாலாம் சுற்றில் ஒருவர் போனை எடுத்துவிடுவார், நான் கண்டிருக்கிறேன். 68ஐ வகுத்தால் மூன்றரை. அதுதான் எனக்கு வேண்டியது. ஆந்தைக்கரடியே சி.ஆர். 3இல் 59 உயிர்ப்புள்ளியோடுதான் திரிகிறது என்பதைக் கவனியுங்கள். அட்டவணை ஒரு பக்கம் சொன்னாலும், புத்தகத்துப் பூதங்கள் உயிர்ப்புள்ளி குறைவாகவும் அடி பலமாகவும்தான் வருகின்றன. விளையாட அதுவே நல்லது.

அதே பூதத்தின் ஏ.சி.யை 17 ஆக்கினால் என்ன ஆகும்? பகடையில் 12 வேண்டும், 45 வீதம். ஒரு சுற்றுக்கு 13.5 சேதம், சண்டை ஐந்து சுற்று. இதில் சுற்றுக் கூடியதைவிட மோசமானது, ஒவ்வொருவரும் பாதிக்கு மேல் தவறவிடுகிறார்கள். தன் முறைக்காகப் பத்து நிமிஷம் காத்திருந்து, உருட்டி, "படேல்லை" என்று கேட்டு, திரும்பவும் காத்திருப்பது. பூதத்தைப் பலமாக்க வேண்டுமென்றால் ஏ.சி.யில் கை வைக்காதீர்கள். உயிர்ப்புள்ளியில் பத்தைக் கூட்டுங்கள்.

உவர்வாயன், முழுதாக

முதல் சாவுக்குப் பிறகு திருத்தின வடிவம் இது.

பெரிய உருவம். ஏ.சி. 13. உயிர்ப்புள்ளி 68. நிலத்தில் 20 அடி, நீரில் 40 அடி.
வலு 18, சுறுசுறுப்பு 10, தாங்குசக்தி 16, புத்தி 3, விவேகம் 12, ஆளுமை 5.
உவர்மூச்சு: இதைச் சுற்றி 10 அடிக்குள் குடிக்கக்கூடிய எல்லாம் உப்பாகும். அந்த எல்லைக்குள் குடிக்கிற குணமாக்கும் மருந்து பாதிதான் வேலை செய்யும்.
ஒரு முறையில் இரண்டு அடி: கடி, +6, 2டி6+4 (இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகையோடு 4), சராசரி 11. வால், +6, 1டி8+4, சராசரி 8 (8.5ஐக் கீழ்நோக்கி).
உப்புக் கக்கல்: 15 அடி விரிகிற கூம்பு. உள்ளே நிற்பவர்கள் தாங்குசக்திச் சோதனையில் (இருபது முகப் பகடையோடு தங்கள் தாங்குசக்திக் கூட்டல்) 13 எடுக்க வேண்டும். தவறினால் 3டி6 அமிலச் சேதம், எடுத்தால் அதில் பாதி. உப்புக்கு விதியில் தனிச் சேதவகை இல்லாததால் அமிலம். கக்கினபின், தன் முறை வரும்போதெல்லாம் ஓர் ஆறுமுகப் பகடை உருட்டும். 5 அல்லது 6 வந்தால்தான் திரும்பக் கக்கலாம்.
நல்ல தண்ணீர்: கிட்ட நிற்கிற ஒருவர் தன் முறையைச் செலவழித்து ஒரு குடம் மழைநீரை மேலே ஊற்றினால், அதன் அடுத்த முறை முடியும்வரை உவர்மூச்சும் இல்லை, கக்கலும் இல்லை.

+6 எங்கிருந்து வந்தது என்றால், வலுவின் +4, இந்தத் தரத்துப் பூதங்களுக்கெல்லாம் உள்ள தேர்ச்சிக் கூட்டல் +2. சோதனை எண் 13 எப்படியென்றால் 8 + 2 + தாங்குசக்தியின் 3. இரண்டுக்கும் இதுதான் சூத்திரம், எல்லாப் பூதத்துக்கும் பொருந்தும்.

சிறப்பு ஒன்று, பெரிய தாக்குதல் ஒன்று, பலவீனம் ஒன்று. இதற்கு மேல் வேண்டாம். என் முதல் தாளில் ஒன்பது சக்தி இருந்தது. மூன்றரைச் சுற்றில் ஒன்பதை எப்படிக் காட்டுவது? நானே ஏழை மறந்துபோனேன். பலவீனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் யோசிக்க எதுவும் இல்லை, மாறி மாறி உருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இது எந்தத் தரம்?

மூன்று சுற்றுச் சேதத்தைக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவரைத் தாக்குவது என்றால் இரண்டு பேருக்குப் பட்டதாக எடுக்கச் சொல்கிறது விதி. 3டி6 சராசரி 10.5, இரண்டு பேருக்கு 21. முதல் சுற்றில் கக்கல் 21, அடுத்த இரண்டிலும் கடியும் வாலும் 19, 19. மொத்தம் 59, சுற்றுக்கு 20க்குக் கொஞ்சம் கீழே. அட்டவணையில் சி.ஆர். 2. ஆனால் அடிக்கூட்டல் +6, அட்டவணை சொல்லுவது +3. ஒவ்வொரு இரண்டு வித்தியாசத்துக்கும் ஒரு படி ஏற்ற வேண்டும். ஆகவே தாக்குதல் 3. உயிர்ப்புள்ளி 68, ஏ.சி. 13 என்பதால் தற்காப்பு 1/2. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.75. சரி, சி.ஆர். 2.

சி.ஆர். 2 பூதத்தை வென்றால் கிடைக்கிற அனுபவப்புள்ளி 450. இரண்டாம் நிலை ஆட்கள் நாலு பேருக்கு 400 நடுத்தரம், 600 கடினம், 800 உயிராபத்து. ஒரு உவர்வாயன் நடுத்தரம். அப்படியென்றால் இரண்டு விட்டால் கடினமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இரண்டு என்றால் 900ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும், 1350. உயிராபத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஒரு சுற்றில் எந்தப் பக்கம் எத்தனை தடவை கை நீட்டுகிறது என்பதுதான் இந்த விளையாட்டில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

கடைசியாக ஒரு சோதனை. அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது இதுதான். குழுவில் உயிர்ப்புள்ளி ஆகக் குறைந்தவரைக் கண்டுபிடியுங்கள். பூதத்தின் ஆகப் பெரிய தாக்குதலில் எல்லாப் பகடையும் உச்சம் விழுந்ததாக வையுங்கள். பழைய கக்கல் 6டி6, உச்சம் 36. மந்திரக்காரிக்கு 12. இருபத்துநாலைத் தொட்டாலே நேரே சாவு. புதிய கக்கல் 3டி6, உச்சம் 18. அவள் விழுவாள், ஆனால் சாகமாட்டாள், யாராவது ஓடிப்போய்த் தூக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. முதலே செய்திருந்தால் சித்தி வீட்டில் எனக்கு ஒரு மாதம் பிள்ளையை அழ வைத்தவன் என்ற பெயர் கிடைத்திராது.

மேசைக்கு முன்னால்

ஒருமுறை தனியாக விளையாடிப் பாருங்கள். நாலு புளியங்கொட்டை, ஒரு சோடா மூடி, அரை மணித்தியாலம். வெல்வது யார் என்பது முக்கியமில்லை. பூதத்தின் சிறப்பு வெளியே தெரிந்ததா என்று பாருங்கள். என் சோதனையில் யாரும் பத்தடிக்குள் மருந்து குடிக்கவே இல்லை, ஆகவே உவர்மூச்சு இருந்தும் இல்லாத மாதிரி. அதனால்தான் சண்டையைத் துலாக்கிணற்றடியில், மூன்று பக்கம் கதியால் வேலி உள்ள ஒடுங்கின வளவுக்குள் வைத்தேன். தள்ளிப்போய்க் குடிக்க இடமில்லை. இடமும் பூதத்தின் ஒரு பாகம்தான்.

அப்புறம் தடயங்கள். பூதத்தின் பலவீனத்தை ஆட்டக்காரர்கள் ஊகிக்க முடிய வேண்டும். ஒன்று போதாது, ஒன்றை எப்படியும் தவறவிடுவார்கள். நான் மூன்று வைத்தேன். ஊருக்குள் வருகிறபோது ஒரு கிழவி சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று புறுபுறுக்கிறாள். வாழையிலைகளின் ஓரம் கருகியிருக்கிறது. ஆடுகள் கிணற்றுத் தொட்டியை விட்டுவிட்டுக் கூரைப் பீலியின் கீழ் வைத்த மழைநீர்க் குடத்தில் வாய் வைக்கின்றன. மூன்றாவதுதான் விடை. "மழைநீர் அதற்குப் பகை" என்று நீங்கள் சொல்லக்கூடாது, ஆடு சொல்ல வேண்டும்.

பெயரையும் முதலில் சொல்லாதீர்கள். "உவர்வாயன் வருகிறது" என்றால் அது ஒரு தாள். துலாக்கயிறு தானாக இறுகுகிறது, வாளி மேலே வரவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து கருவாட்டு மணம் வருகிறது என்றால் எல்லாரும் பாயில் கொஞ்சம் பின்னுக்கு நகர்வார்கள்.

ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு வரி எழுதிக் கையில் வைத்திருங்கள்: முதல் முறையில் என்ன செய்யும், எப்போது ஓடும். உவர்வாயன் முதலில் கக்கும், 25 உயிர்ப்புள்ளிக்குக் கீழே வந்தால் கிணற்றுக்குள் இறங்கிவிடும். புத்தி 3 உள்ள பிராணி சாகும்வரை நின்று மல்லுக்கட்டாது. தெருநாய்கூட அப்படிச் செய்வதில்லை.

சண்டை இழுபட்டால் ஒரு கள்ள வழி இருக்கிறது. உண்மையில் அது கள்ளமும் இல்லை. 8டி10+24 என்றால் 32 முதல் 104 வரை எந்த எண்ணும் விதிப்படி சரி. 68 வெறும் சராசரி. ஆகவே எல்லாரும் சோர்ந்துவிட்டால், நல்ல அடி ஒன்று விழுகிற நேரம் பார்த்து அது 50இலேயே விழட்டும். மேலே ஏற்றுவதை மட்டும் நான் செய்வதில்லை. ஆட்டக்காரர் கெட்டித்தனமாக இரண்டாம் சுற்றில் முடித்தால் அது அவர்கள் உழைப்பு.

திருத்தின உவர்வாயனை மார்கழி விடுமுறையில் அதே விறாந்தையில் திரும்ப இறக்கினேன். சித்தியின் மகள் புதுப் பாத்திரத்தோடு வந்தாள், இந்தமுறை வாழ்க்கை வரலாறு அரைப் பக்கம்தான். ஆட்டை அவள்தான் கவனித்தாள். ஆனால் பீலிக் குடம் தூரத்தில் இருந்தது, பூதம் நடுவில். தன் பொருட்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, என்னட்டை ஒரு இளநி இருக்கு. அதுவும் மழைத்தண்ணிதானே, மரம் குடிச்சது?"

விதியில் இதற்கு இடமில்லை. நான் யோசிக்கிற நேரத்துக்குள் பக்கத்தில் இருந்தவன் தன்னிடம் ஒரு முட்டி கள்ளு இருக்கிறதென்றும் பனையும் மழைத்தண்ணிதான் குடிக்கிறதென்றும் வாதாடத் தொடங்கிவிட்டான். என் கொப்பியில் உவர்வாயனின் தாளுக்குக் கீழே அன்று எழுதினது இன்னும் இருக்கிறது: இளநி, ஓம், ஒரு சுற்றுக்கு. கள்ளு, இல்லை, ஆனால் பூதம் கொஞ்சம் தள்ளாடும்.